நங்கூரம் எட்டாத ஆழம்

உ

மண்டி மொஹல்லா, மைசூர்
25 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை உதயகுமாருக்கு, மாமியார் சுந்தராம்பாள் எழுதிக்கொள்வது.

லதாவும் குழந்தையும் சுகம். எனக்கும் ஒரு கேடும் இல்லை. அடுத்தபடி உங்க சுகத்தை விசாரிப்பதுதான் முறை. மனசு வரவில்லை, விசாரிக்கவில்லை.

போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று நினைப்பீங்க. குழந்தை பிறந்த மறுநாள் போனில் என்னைப் பேசின பேச்சு உங்களுக்கு மறந்திருக்கும். "உங்க வாய்க்குப் பயந்துதான்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, பட்டென்று வைத்தீங்க. இனிமேல் நீங்க ஒட்டுகிற ஒயரில் ஏறி வருகிற குரலை இந்தக் காதால் கேட்பதில்லை என்று அன்றைக்கே மாதேஸ்வரன் மலைப் பக்கம் திரும்பிச் சத்தியம் பண்ணிப்போட்டேன். கடுதாசிக்குச் சத்தியம் இல்லை. எங்க ஊர் கௌதள்ளிப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்த தமிழ் உங்களைத் திட்டவாவது உதவட்டும்.

நேற்று லதா வந்து சொன்னாள். "அம்மா, அவரோட சித்தப்பா காரெடுத்துட்டு வர்றாராம். மூணாம் மாசம் முடியறதுக்குள்ள என்னையும் பாப்பாவையும் கொச்சியில கொண்டு விட்டுடறாராம்."

"ஏன், அவருக்குக் கால் இல்லையா?" என்றேன்.

நல்லாக் கேட்டுக்கோங்க. எங்க வழக்கத்தில் பிரசவத்துக்கு வந்த பெண்ணை அனுப்புவதானால் கட்டினவன் வரவேண்டும். வாசலில் நின்று, "லதாவையும் குழந்தையையும் அனுப்பி வையுங்க அத்தை" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். உள்ளே வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் பெண் படி இறங்குவாள். சித்தப்பாவுக்கும் காருக்கும் பெண்ணை அனுப்புகிற வீடு இது இல்லை.

எனக்கு மறதி கிடையாது. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், மறுவீட்டு விருந்துக்கு வாழை இலை அறுத்து வைத்திருக்கையில், கப்பலில் கூப்பிட்டார்கள் என்று போனீங்க. தலைத் தீபாவளிக்கு எடுத்து வைத்த வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. அப்புறம் பிரசவம். விடிகாலையில் குழந்தை பிறந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "அப்பன் கடலுக்கடியில் ஒயர் ஒட்டுகிறான்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. சாயங்காலம் வீட்டிலிருந்து சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுபோனேன். முதல் சொட்டு யார் தொட்டு வைக்கிறார்களோ அவங்க குணம்தான் குழந்தைக்கு வரும். "அப்பன் வைக்க வேண்டியது, அப்பன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் நாக்கில் வைத்தேன். லதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

பேத்தி மனிஷாவுக்கு என் குணம்தான். இப்போதே தெரிகிறது. பால் ஒரு நிமிஷம் தாமதமானால் மொஹல்லாவே திரும்பிப் பார்க்கிறது.

நீங்க வந்து கேட்டால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

சுந்தராம்பாள்


கொச்சி
3 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கன்னடத்தில் படித்தவன். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது கப்பலில், ஒரு தூத்துக்குடிக்காரரிடம். பிழை இருந்தால் அதையும் என் குற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் இருக்கும்.

முதலில் உங்கள் சத்தியம். கொச்சியிலிருந்து மைசூருக்குப் பேசினால் பேச்சு தரை வழியாக வருகிறது. நான் ஒட்டுகிற கேபிள் கடல் தாண்டி அடுத்த தேசத்துக்குப் போவது. நீங்கள் தப்பான ஒயர் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, ஜூன் மாதம். லதா உங்களிடம் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் எங்கள் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. மூவாயிரம் மீட்டர் ஆழம். கேபிளின் இரண்டு முனையையும் கப்பலில் ஏற்றிவிட்டால் ஒட்டி முடிக்கும்வரை யாரும் இறங்க முடியாது. ஆகவே வரவில்லை.

மூன்றாவது, இப்போது. கப்பலில் கண்ணாடி இழையை ஒட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் ஊருக்குப் போயிருக்கிறார். எந்த நேரம் எங்கே அறுந்தாலும் கப்பல் கிளம்ப வேண்டும். நான் மைசூருக்கு வந்து உங்கள் வாசலில் நின்றால் இங்கே கப்பல் நிற்கும். அதனால்தான் சித்தப்பாவை அனுப்புகிறேன் என்றேன்.

நான்காவதாக ஒன்று உண்டு. பெண் கேட்டு வந்த அன்று, என் அம்மா முன்னால், சித்தப்பா முன்னால், "ஓ, லைன்மேனா?" என்று சிரித்தீர்கள். மறதி இல்லாதவர் நீங்கள் மட்டும் இல்லை. என் மனைவியை, என் குழந்தையை உங்கள் வாசலில் நின்று பிச்சை மாதிரி நான் கேட்க மாட்டேன்.

உதயகுமார்


மண்டி மொஹல்லா
12 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

தரையோ கடலோ, வருவது உங்க குரல்தானே? சத்தியம் அப்படியே இருக்கட்டும்.

லைன்மேன் என்று சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கரண்டு கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். நீங்க வருகிறீங்களா? அவனோடு உங்களைச் சேர்த்தது அவனுக்குத்தான் குறைச்சல்.

பேச்செல்லாம் காற்றிலேயே போகிற காலம் இது. எங்க கூரைக்கு மேலேயே கோபுரம் நிற்கிறது. அப்புறம் கடலுக்கடியில் ஒயர் என்னத்துக்கு? எதிர்வீட்டுச் சென்னம்மாவிடம் கேட்டேன். "அது மீன் கடிக்குமாம் சுந்தரம்மா, சுறாமீன்" என்கிறாள். மீன் கடிக்கிற ஒயருக்குப் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒரு ஆள் காவலா? அப்படி என்னதான் இருக்கிறது அந்த அடியில்? அதையாவது எழுதுங்க. காற்று அடித்தால் அலை, அலை அடித்தால் ஒயர் அறும், அவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு ஜம்பம்?

பிச்சை என்று எழுதினீங்க. எங்க வீட்டுக்காரர் சுப்பையா, லதா பிறந்த மூன்றாம் மாசம் என்னை அழைத்துப்போகப் பாலாறு செக்போஸ்ட்டிலிருந்து நடந்தே வந்தார். அன்றைக்கு பஸ் இல்லை, காட்டில் யானை. வாசலில் நின்று எங்க அப்பாவைக் கேட்டார். எங்க அப்பா என்ன லேசுப்பட்ட ஆளா? "யாரு நீ?" என்று கேட்டார். அப்படியும் நின்றார். அவர் பிச்சைக்காரர் இல்லை, ஆம்பிளை.

மூன்றாம் மாசம் இனி ஆகாது. ஐந்தாம் மாசம் ஐப்பசியில் வருகிறது. தீபாவளி கழிந்த வியாழக்கிழமை நல்ல நாள். அன்றைக்கு வந்து கேளுங்க. அதைவிட்டால் ஏழாம் மாசம் மார்கழி. மார்கழியில் நான் எதையும் படி இறக்க மாட்டேன். அப்புறம் குழந்தை உங்களை யாரென்று கேட்கும். பதில் சொல்ல நான் இருப்பேன்.

சுந்தராம்பாள்


கொச்சி
22 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கேலியாகக் கேட்டாலும் சொல்கிறேன்.

அலை மேலேதான். ஆழத்தில் அலை கிடையாது. வெளிச்சமும் கிடையாது. வருஷம் முழுக்க ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற அதே குளிர். மேலே நிற்கிற தண்ணீரின் பாரம் ஒன்றுதான் பயங்கரம். மூவாயிரம் மீட்டரில் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் ஆறு மூட்டை அரிசி உட்கார்ந்திருக்கும், உங்கள் மண்டி மூட்டை. அந்தப் பாரத்துக்குக் கீழே, செடிக்குத் தண்ணீர் விடுகிற டியூப் தடிமன் கேபிள். அதற்குள் செம்புக் குழாய். அதற்குள் தலைமயிரைப் போலக் கண்ணாடி. அதில் வெளிச்சம் ஓடுகிறது. தேசத்துக்குத் தேசம் போகிற பேச்சு, படம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம் அந்த வெளிச்சம்தான். உங்கள் கோபுரம் பிடிப்பதும் கடல் தாண்ட வேண்டுமானால் கடைசியில் இதில்தான் வந்து இறங்குகிறது. ஓட ஓட வெளிச்சம் களைத்துப்போகும். எண்பது கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி வைத்துத் தெம்பு கொடுக்கிறோம். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கரையிலிருந்தே போகிறது.

மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால் போதும். அந்தப் பாரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கரண்ட் கசியும். தண்ணீரும் உலோகமும் சேர்ந்து வாயு கிளம்பும். அது கண்ணாடிக்குள் ஏறினால் கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளிச்சம் மங்கும். சிலசமயம் கடலுக்கடியில் மலைச்சரிவில் மண் சரிந்து, ரயிலை விட வேகமாக இறங்கி, எதிரில் இருப்பதை வாரிக்கொண்டு போகும்.

அதை மேலே எடுப்பது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுவது மாதிரிதான். கயிறு மட்டும் மூன்று நாலு கிலோமீட்டர். மேலே அலை அதிகமானால் காத்திருப்போம். ஏற்றியபின் ஒட்டுகிற அறைக்குள் தூசு வரக்கூடாது. ஒரு தூசு மாட்டினால் மறுபடியும் முதலிலிருந்து.

சுறா அந்தக் காலத்தில் எப்போதோ கடித்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. உண்மையில் ஆழத்தில் கேபிளுக்கு விரோதிகள் குறைவு. நூற்றுக்கு எழுபது கரையோரத்தில்தான் அறுகிறது. மீன் வலை இழுக்கிறவர்கள், நங்கூரம் போடுகிறவர்கள். நங்கூரம் இருநூறு முந்நூறு மீட்டருக்குக் கீழே எட்டாது. அதனால் ஆழத்தில் மெல்லிய கேபிள் போதும். கரையில்தான் இரும்புக் கம்பி சுற்றி மணிக்கட்டுத் தடிமனுக்குப் போட வேண்டியிருக்கிறது. நானும் லதாவும் எங்கள் ஆழத்தில் சரியாகத்தான் இருக்கிறோம் அத்தை. கரையோரத்தில் நங்கூரத்தை இறக்கி இழுப்பது யார் என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். கேட்கிறேன். லதாவுக்காக. உங்களுக்காக இல்லை.

உதயகுமார்


மண்டி மொஹல்லா
30 செப்டம்பர் 2025

உதயகுமாருக்கு,

மாப்பிள்ளை என்று இந்தக் கடுதாசியில் போடவில்லை. அந்த முறைக்கு உரிய ஆளா என்று தெரிந்த பின்னால் போடுகிறேன்.

என்னை நங்கூரம் என்றீங்க. சரி. நிற்கத் தெரியாத கப்பலுக்கு நங்கூரம் விரோதிதான். அது போகட்டும்.

உங்க கடுதாசியைச் சென்னம்மாவுக்குக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மூட்டை அரிசி வந்ததும் "அய்யோ தேவரே" என்றாள். நங்கூரம் முந்நூறு மீட்டருக்குக் கீழே எட்டாது என்ற இடம் வந்ததும் என் வாய் தானாக நின்றது. முந்தின கடுதாசியை எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு எதையும் எடுத்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. "ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் எங்கள் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. மூவாயிரம் மீட்டர் ஆழம்." இதுதானே நீங்க எழுதினது? ஒரு எழுத்து மாற்றிச் சொல்லியிருக்கிறேனா?

முந்நூறுக்கு மேல் எட்டாத நங்கூரம் மூவாயிரத்தில் எப்படிப் போய் அறுத்தது? நீந்திப் போனதா?

ஆக, குழந்தை பிறந்த அன்று நீங்க ஆழத்தில் இல்லை. அப்படி ஒரு ஆழமே இல்லை. அப்படி ஒரு நங்கூரமும் இல்லை. என் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது நீங்க எங்கே இருந்தீங்க? எந்த ஊரில்? எவள் வீட்டில்? "கடலில் இருக்கிறான்" என்று உங்களுக்காக ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். என்னைப் பொய் சொல்ல வைத்தீங்க. என் நாக்கை நீங்க இரவல் வாங்கினீங்க, அதுவும் கேட்காமல்.

லதாவிடம் இதைச் சொல்லவில்லை. பால் கொடுக்கிறவள். அவள் மனசைக் கலக்க நான் உங்களைப்போல் இல்லை.

ஒழுங்கான பதில் வராவிட்டால் தீபாவளி கழிந்த வியாழக்கிழமை என் வாசலுக்கு வராதீங்க. ஐப்பசியும் இல்லை, தையும் இல்லை. என் பெண்ணும் பேத்தியும் என்னோடுதான் இருப்பார்கள். இன்னொன்று: இனிமேல் ஆழத்தில் அது அறுந்தது, இது அறுந்தது என்று எழுதாதீங்க. சத்தியமாக அறுந்திருந்தாலும் நான் நம்பப்போவதில்லை.

சுந்தராம்பாள்


கொச்சி, கப்பலிலிருந்து
8 அக்டோபர் 2025

அத்தைக்கு,

சொன்னால் நம்பப்போவதில்லை என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் கேபிள் கெட்டுவிட்டது. தெற்கே, நாலாயிரம் மீட்டரில். நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. நவம்பர் பத்து வாக்கில்தான் திரும்புவேன். வியாழக்கிழமை உங்கள் வாசலில் நான் இருக்க மாட்டேன்.

இதை நீங்கள் நம்ப வேண்டுமானால் ஜூன் மாதத்து நிஜத்தை நான் சொல்லியாக வேண்டும். லதாவிடம் போனில் கேட்டுவிட்டேன்.  "சொல்லிடுங்க" என்றாள்.

ஜூன் மாதம் கப்பல் எங்கும் போகவில்லை. கொச்சியில் கட்டிக் கிடந்தது. இழை ஒட்டத் தெரிந்த இன்னொருவரும் அப்போது கப்பலில் இருந்தார், எனக்கு லீவு கொடுத்தார்கள். வலி எடுத்தது என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். குழந்தை பிறந்த அன்று மத்தியானம் நான் மைசூரில், உங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே, இளநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் டிபன் கேரியரோடு வெளியே வந்து, ஆட்டோக்காரனைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு ஏறிப் போனீர்கள். நீங்கள் தெரு திரும்பிய பிறகு நான் மேலே போனேன்.

ஏன் ஒளிந்து வந்தேன் என்று கேட்பீர்கள். லதா சொல்லித்தான். "அம்மா பத்தியச் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போவாங்க. அப்ப வாங்க, அவங்க திரும்பறதுக்குள்ள போயிடுங்க. இன்னைக்கு ஒரு நாள் என் காதுல சண்டை விழவேண்டாம்" என்றாள். மறுநாள் போனில் "உங்க வாய்க்குப் பயந்துதான்" என்று ஆரம்பித்து நிறுத்தினேனே, மீதி இதுதான்.

நங்கூரமும் மூவாயிரம் மீட்டரும் லதா கட்டிய கதை. அவள் உங்களிடம் சொல்லிவிட்டதால் நானும் அதையே எழுத வேண்டியதாயிற்று. நான் கட்டியிருந்தால் ஆழத்தில் தப்பு வந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டிருப்பேன். நீங்கள் "எவள் வீட்டில்" என்று எழுதினதால் எழுதுகிறேன். சேனை வைத்தது நீங்கள் இல்லை. லதா நர்ஸ் ஆயிற்றே, சர்க்கரைத் தண்ணீருக்கு ஒப்ப மாட்டாள். தன் பாலில் ஒரு சொட்டை என் விரலில் விட்டு, "வைங்க, சீக்கிரம்" என்றாள். குழந்தை என் விரலைப் பிடித்துச் சப்பியது. அன்று சாயங்காலம் லதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது அழுகையால் இல்லை.

இந்தத் தடவை கேபிள் கெட்டது நங்கூரத்தால் அல்ல. கரையிலிருந்து உள்ளே வெளிச்சம் அனுப்பிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு பாறைமேடு, நடுவில் பள்ளம். போட்ட காலத்தில் இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். கேபிள் பள்ளத்தில் படியாமல் இரண்டு மேட்டுக்கும் நடுவே தொங்குகிறது. ஆழத்தில் அலை இல்லை என்றேன், ஆனால் மெல்லிய நீரோட்டம் உண்டு. அது ஆட்டிக்கொண்டே இருக்கும். பாறை முனையில் கேபிள் உரசிக்கொண்டே இருக்கும். சத்தம் இருக்காது, வெளியில் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் தேய்ந்து, ஒரு நாள் தண்ணீர் உள்ளே போய்விடும். பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிசைத் தளர விட்டுப் போடப் போகிறோம். தளர விட்டால் அடியில் படிந்து கிடக்கும். வேறு வைத்தியம் இல்லை.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் மேல் கோபம் இருந்தால் எனக்கே எழுதுங்கள். லதாவை ஒன்றும் கேட்காதீர்கள்.

உதயகுமார்


உ

மண்டி மொஹல்லா, மைசூர்
23 அக்டோபர் 2025

மாப்பிள்ளைக்கு,

இன்றைக்கு வியாழக்கிழமை. நீங்க வந்து நிற்க நான் குறித்த நாள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தேன். வாசல் காலியாகத்தான் இருந்தது. இந்தக் கடுதாசி நீங்க கரை ஏறும்வரை கொச்சியில் உங்க ஆபீசில் கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும்.

லதாவை ஒன்றும் கேட்காதீங்க என்று எனக்கு உத்தரவு போட்டீங்க. கேட்டேன். என் வயிற்றில் பிறந்தவளைக் கேட்க உங்க அனுமதி எனக்கு வேண்டாம்.

"என்னை ஒளித்து அவரை வரவழைத்தாயா?" என்றேன்.

குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமாம்மா" என்றாள்.

"நான் என்ன பேயா, பிசாசா?"

"நீ அம்மா. அவர் அவர். ரெண்டு பேரும் ஒரே ரூமில இருந்தா எனக்குப் பால் இறங்காதும்மா. வார்டுல எத்தனை பேரைப் பார்க்கறேன்."

"ஊரெல்லாம் நான் சேனை வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அப்போது வாயைத் திறந்திருக்கலாமே?"

"உனக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். எதுக்குக் கெடுக்கணும்? அவரும்தானே திறக்கலை."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சோறு வைத்தேன், பேசவில்லை. எனக்கு உங்க மேல் இருந்த கோபம் குறையவில்லை, இரட்டித்தது. என் கண்ணெதிரே ரோட்டைத் தாண்டி நின்றுகொண்டு இளநீர் குடித்தீங்களே, எதிரே வந்து, "வந்துவிட்டேன் அத்தை" என்று சொல்ல நாக்கு இல்லையா? நான் கத்தியிருப்பேன். கத்திவிட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான் சோறு எடுத்துவந்திருப்பேன். பயந்தீங்க. நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்குப் பயமில்லை, ஒரு பொம்பிளை வாய்க்குப் பயம். இது என் கணக்கில் ஏறிவிட்டது, இறங்காது.

ஆனால் ஒன்று. தீபாவளி அன்று லதா எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் போன், உங்க கப்பல் ஏதாவது பேசுமா என்று. என் காலடி கேட்டதும் போனைப் பாயின் கீழே தள்ளிவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, பாயைப் பார்த்து ஒரு முகம். சத்தம் இல்லை, வெளியில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது மாப்பிள்ளை. நான் வைக்கிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்க ஒரு மேடு, நான் ஒரு மேடு. நீங்க எழுதினது எனக்குப் புரியாது என்று நினைத்து எழுதியிருப்பீங்க. புரிந்தது.

அதனால் சொல்கிறேன். கட்டினவன் வந்து கேட்காமல் பெண்ணை அனுப்புவது எங்க வழக்கத்தில் இல்லை. அதை நான் மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன். ஆகவே லதாவை அனுப்பவில்லை. நானே கொண்டுவந்து விடுகிறேன். பெற்றவள் கூட்டிப்போய் விடக்கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. நீங்க கரைக்கு வந்ததும் லதாவுக்குச் சொல்லுங்க. ஐப்பசி முடிவதற்குள் ரயில் ஏறுகிறோம்.

உங்க வீட்டில் நான் ஒரு ராத்திரி தங்குவேன். உங்களோடு பேச மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம். ஒரே அறையில் உட்கார்ந்து பேசாமல் இருந்து பார்ப்போம், அவளுக்குப் பால் இறங்குகிறதா என்று. சமையல் நான்தான் செய்வேன். என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அது வழக்கம், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைத் தீபாவளி வேட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன். மடிப்பில் பழுப்பேறியிருக்கிறது. அதற்கும் நீங்கதான் காரணம். கட்டிக்கொள்ளுங்க.

கடைசியாக ஒரு விஷயம். மண்டி மொஹல்லாவில், கௌதள்ளியில், சென்னம்மா வீட்டில், எங்கேயும் மனிஷாவுக்குச் சேனை வைத்தது நான்தான். மூன்று பேருக்குத் தெரிந்தது மூன்று பேரோடு இருக்கட்டும். நங்கூரம் எட்டாத ஆழம் என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கே போட்டுவையுங்க.

குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. எதற்கெடுத்தாலும் கத்துகிறது. தப்பு உன்னுடையது என்று சொன்னால் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி ஒளிந்துகொள்கிறது. முன்பாதி என் குணம். பின்பாதியை யார் விரல் வைத்ததோ, நீங்களே பார்த்துக்கோங்க.

சுந்தராம்பாள்